சுண்ணாம்பு வட்டம்

பிப்ரவரி 24, திங்கள்

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். கோபப்படவும் கூடாது என்றார். இந்த ஊரில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

வேலான்குளத்து இயற்கை நடைபாதையில் இன்று முதல் நடை. வனத்துறை போட்டது. குளக்கரையில் தொடங்கி, உடைமரம் அடர்ந்த உடங்காட்டுக்குள் புகுந்து, சுற்றி வந்து அதே கேட்டில் கொண்டுவந்து விடுகிறது. இரண்டரைக் கிலோமீட்டர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்ட பி.டி. டீச்சர் நான். தனியாக வந்திருந்தால் அரை மணியில் முடித்திருப்பேன். வடிவு கூட வந்ததால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வடிவு அடுத்த வீடு. அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எனக்கு ஆறு மாதம் முன்னால் ஓய்வு பெற்றாள். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்க்காவிட்டால் அவளுக்குக் கால் நகராது.

கண்டவை: கூழைக்கடா பதினொன்று. ஊசிவால் வாத்து ஒரு கூட்டம், எண்ண முடியவில்லை. பனங்காடை ஒன்று. புங்கை மரங்கள் பாதி மொட்டை, பாதி தளிர்.

ஊசிவால் வாத்துகளை ஏன் எண்ண முடியவில்லை என்றால், ஒரு மனிதர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தன் மருமகளைத் திட்டியபடி கரைமேல் நடந்தார். அமைதி காக்கவும் என்று போர்டு இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்று திட்டுகிறார். கைப்பையில் இருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். ஆள் வாயடைத்து நின்றார். வாத்துகள் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன.

"ஏட்டி எப்சி, அவரு பேசுனப்பல்லாம் அதுங்க அங்கனதான் கெடந்துச்சு. நீ ஊதின ஊதுலதான் பறந்துச்சு" என்று வடிவு சிரித்தாள்.

சிரிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 27, வியாழன்

கேட்டில் ஒரு காவலர் இருக்கிறார். பேச்சிமுத்து. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். தற்காலிகப் பணியாம், ஆறு வருஷமாகத் தற்காலிகம். காக்கிச் சட்டைக்குக் கீழே கைலி. பள்ளிக்கூடத்தில் இப்படி வந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வெள்ளை நாயோடு உள்ளே போகிறார். சங்கிலிகூட இல்லை.

"நாய் கூடாதுன்னு எழுதியிருக்குல்ல? நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். கேக்க மாட்டங்காவ. பெரிய எடத்து ஆளு" என்று தலையைச் சொறிந்தார்.

இந்தத் தலைசொறிதலைக் கண்டாலே எனக்கு ஆகாது. செய்யவேண்டியதைச் செய்யாதவன்தான் தலையைச் சொறிவான்.

கண்டவை: கீரி இரண்டு. செம்போத்து. உடங்காட்டில் முயல் புழுக்கை.

மார்ச் 1, சனி

மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் சரள் பரந்து கிடக்கிற இடத்தில் ஆக்காட்டி ஜோடி ஒன்று எங்களைப் பார்த்துக் கத்தித் தீர்த்துவிட்டது. சிவந்த மூக்கு, மஞ்சள் கால், கறுத்த நெஞ்சு. ஒன்று தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து வருகிறது. இன்னொன்று சிறகு ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறது. அத்தனையும் நடிப்பு.

"முட்ட இருக்கும். ஒதுங்கி வா" என்றாள் வடிவு.

இருந்தது. பாதையிலிருந்து நாலு எட்டு தள்ளி, வெறும் தரையில் ஒரு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல். மண் நிறம், மேலே கறுப்புத் திட்டு. குனிந்து பார்த்தபோது தெரிந்தது. நிமிர்ந்துவிட்டு மறுபடி குனிந்தபோது எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இந்தப் பறவையை எனக்குப் பிடித்திருக்கிறது. கத்த வேண்டிய இடத்தில் கத்துகிறது.

மார்ச் 5, புதன்

லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், ஆரம்பம். இந்த நாற்பது நாளுக்கு எதையாவது விட்டுவிடுங்கள் என்று எங்கள் சர்ச் ஐயர் ஆராதனையில் சொன்னார். டீக்குச் சர்க்கரையை விட்டிருக்கிறேன். வடிவிடம் சொன்னேன். "சர்க்கரைய ஏன்ட்டி விடுதே? கோவத்த விடு. ஊரு உருப்படும்" என்கிறாள். இந்துவாக இருந்துகொண்டு எனக்கு லெந்து சொல்லிக்கொடுக்கிறாள்.

முட்டை மூன்று.

மார்ச் 6, வியாழன்

முட்டை நாலு. நாலும் கூர்முனை உள்ளே சேர்ந்து, பூப்போல இருக்கின்றன. இனி அடைகாப்புத்தான். இருபத்தெட்டு நாள் என்று போர்டில் போட்டிருக்கிறது. ஏப்ரல் மூன்று வாக்கில் குஞ்சு வர வேண்டும்.

வருமா? இன்று காலை மட்டும் நான் பார்த்தது: செல்ஃபி எடுக்கப் பின்னாலேயே நடந்து வந்த ஒரு பெண்ணின் குதிகால் முட்டையிலிருந்து ஒரு சாண் தூரம். பாதையை விட்டு இறங்கி சரளில் கைவீசி நடக்கிற இரண்டு பேர். தாசில்தாரின் நாய். பறவை தொண்டை கிழியக் கத்துகிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண் எதற்கு இருக்கிறது இந்த ஜனங்களுக்கு?

பேச்சிமுத்துவிடம் போய், "அங்க ஆக்காட்டி முட்ட வச்சிருக்கு, தெரியுமா?" என்றேன்.

"தெரியும் டீச்சர். வருஷா வருஷம் அங்கனதான் வைக்கும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? ஒரு அடையாளம் போடக் கூடாதா?"

"அடையாளம் போட்டா..." என்று தொடங்கித் தலையைச் சொறிந்தார். முடிக்கிற வரைக்கும் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. நானே செய்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பழைய ஸ்டோர் ரூம் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு வாளி சுண்ணாம்புப் பொடி வாங்கினேன். நடுவில் ஆளில்லாமல் கயிற்றைப் பிடிப்பது கஷ்டம். வடிவு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முட்டைப் பக்கம் நின்றாள், நான் மறுமுனையோடு சுற்றி வந்தேன். இரண்டு மீட்டர் ஆரம். குண்டு எறிகிற வட்டம் போடுவதுபோல ஒரே சீராக வந்தது. கை மறக்கவில்லை. நாலு திசையிலும் நாலு குச்சி நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

பறவை இரண்டும் அந்நேரம் முழுக்க எங்களை வைதுகொண்டே இருந்தன. வையட்டும். நல்லது செய்கிறபோது பிள்ளைகளும் இப்படித்தான் வையும்.

முதல் ஆளாகத் தாசில்தார் வந்தார். வட்டத்தைப் பார்த்தார், நாயைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். அடுத்து வந்த இரண்டு பெண்கள் கோட்டுக்கு வெளியே நின்று, "ஐ, முட்ட!" என்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஓய்வு பெற்றுப் பத்து மாதத்துக்குப் பிறகு நான் போட்ட கோட்டுக்கு வெளியே ஜனங்கள் நிற்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, சனி

பேச்சிமுத்து கேட்டிலேயே மறித்தார். "டீச்சர், அந்த வெள்ள வட்டம்..."

"அதுக்கென்ன?"

"இல்ல, அத வந்து..."

"முதல்ல நாயை நிறுத்துங்க. பிறகு வட்டத்தைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். தன் வேலையை ஒருத்தி செய்துவிட்டால் இவர்களுக்குப் பொறுக்காது.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனதால் நடை இல்லை. பிரசங்கம் நீளம். முட்டையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. வடிவைப் போகச்சொல்லிவிட்டுப் பத்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்துக்குத்தான் நடைபாதையை மூடுவார்கள்.

ஆக்காட்டியில் ஒன்று எழுந்து போய்க் குளத்தில் வயிறு நனைய நின்றது. வயிறு தொப்பலாக நனைந்தபிறகு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, நின்றபடியே முட்டைகளின் மேல் உடம்பைத் தாழ்த்திக்கொண்டது. சரள் சுடுகிற சூட்டில் முட்டை அவிந்துவிடாமல் இருக்க ஈரம் கொண்டுவருகிறது. அது முடிந்ததும் இன்னொன்று போயிற்று. பத்து மணிக்குள் நாலு தடவை.

என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. சரி, அதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

மார்ச் 13, வியாழன்

பேச்சிமுத்து இன்று என் பின்னாலேயே இரண்டாவது பெஞ்சு வரை வந்தார். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு மழ பேஞ்சு அந்தச் சுண்ணாம்பு அழிஞ்சிட்டா நல்லதுன்னு..."

நான் நின்றேன். மைதானத்துக் குரலில் கேட்டேன். "என்ன, அழிக்கப்போறீங்களா? கையை வச்சுப் பாருங்க. நேரா ரேஞ்சர் ஆபீஸ்தான்."

ஆள் அப்படியே திரும்பிப் போய்விட்டார். வடிவு சொன்னாள்: "ஏட்டி, அந்த மனுசன் என்னமோ சொல்ல வந்தான். அவன வாயத் தொறக்க விட்டியா?"

"அவர் வாயைத் திறந்தால் என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

"நீ பி.டி. டீச்சரா, சோசியக்காரியா?"

இவள் யார் பக்கம்?

கண்டவை: சோளப்பட்சிக் கூட்டம், ஆயிரத்துக்கு மேல். ஊருக்குத் திரும்பக் கிளம்புகின்றன. முருக்கு மரம் பூத்திருக்கிறது, இலை ஒன்றுகூட இல்லாமல்.

மார்ச் 15, சனி

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நேற்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்து வட்டத்துக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தார்களாம். பொடி மங்கிய இடங்களில் புதிதாகத் தூவினேன். பளிச்சென்று இருக்கிறது, கேட்டிலிருந்தே தெரியும்.

ஒரு காகம் வட்டத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. கோட்டை ஒட்டியே ஒரு சுற்று வந்தது, தாண்டவில்லை. ஒரு காகத்துக்குக்கூடக் கோடு போட்டால் தெரிகிறது. இந்த ஜனங்களுக்குத்தான் தெரிவதில்லை.

மார்ச் 17, திங்கள்

முட்டை இல்லை.

நாலும் இல்லை. குழி இருக்கிறது, பொடிக்கல் இருக்கிறது. ஒரு ஓட்டுத் துண்டு மட்டும் பாதை ஓரத்தில் கிடந்தது. பறவை இரண்டும் கத்தவில்லை. வட்டத்துக்குள் ஒன்று நின்றுகொண்டிருந்தது, நான் பக்கத்தில் போயும் கத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கேட்டில் ஆள் இல்லை. நான் வந்தபோதே இல்லை. கேட் திறந்து கிடக்கிறது. முதல் பெஞ்சுப் பக்கம் தாசில்தார் நாய் தனியாகத் திரிகிறது. ஆறரைக்குப் பேச்சிமுத்து டீக்கடையிலிருந்து வருகிறார்.

"எங்க போனீரு?" மரியாதையெல்லாம் போய்விட்டது எனக்கு.

"ஒரு டீ குடிக்க, டீச்சர். அஞ்சு நிமிசம்..."

"அஞ்சு நிமிஷத்துல நாலு உயிரு போயிருச்சு. நாய் தின்னுட்டுப் போயிருச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தார். வட்டத்துக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, "நாயில்ல டீச்சர்..." என்றார்.

"பின்ன? நான் தின்னேனா?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? வீடு வந்து சேர்ந்தேன். மாத்திரை போட்டேன். எழுத்துக்கூடக் கோணலாக வருகிறது. பதினோரு நாள் அடைகாத்தது. பதினோரு நாள் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்தது. ஒரு டீ!

மார்ச் 18, செவ்வாய்

வனச்சரகருக்கு மனு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பணி நேரத்தில் கேட்டை விட்டு நீங்கியது, நாயை அனுமதித்தது, எச்சரித்தும் அலட்சியம் காட்டியது, அதன் விளைவாக ஆக்காட்டியின் நாலு முட்டைகள் அழிந்தது. முப்பத்தொரு வருஷ அரசுப் பணி அனுபவத்தில் இப்படிப்பட்ட பொறுப்பின்மையைக் கண்டதில்லை என்று முடித்தேன்.

வடிவு படித்துப் பார்த்தாள். "குடுக்காதட்டி" என்றாள்.

"ஏன்?"

"அது தற்காலிக வேல. ஒரு தாளு போதும், நிறுத்திப்புடுவான். அவனுக்கு மூணு பொம்பளப் பிள்ளைய. நாய்தான் தின்னுச்சுன்னு நீ பாத்தியா?"

"நீ எப்பவும் இப்படித்தான். எல்லாரையும் பாவம் பாவம்னுட்டு. உன் வகுப்புல பாதிப் பேர் பெயிலானது அதனாலதான்."

வடிவு மனுவை மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டினாள். "உனக்கு முட்ட போனது வெசனமில்ல எப்சி. உன் கோட்டத் தாண்டிட்டாங்கங்கதுதான் வெசனம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மனுவை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேஞ்சர் நவநீதன் சின்ன வயசு. "நீங்க எழுதிக் குடுத்தது நல்லதாப் போச்சு மேடம். எங்களுக்கும் ஒரு ஆதாரம் வேணும்ல" என்றார். அது ஏன் அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

வடிவு வரவில்லை. அரை மணியில் முடித்தேன்.

மார்ச் 22, சனி

பேச்சிமுத்துவை நிறுத்திவிட்டார்கள். கேட்டில் யாரும் இல்லை, பூட்டுக்கூட இல்லை. தாசில்தாரின் நாய் எனக்கு முன்னால் உள்ளே போயிற்று.

செய்த தவறுக்குத் தண்டனை. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கினேன். உண்மையிலேயே நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 24, திங்கள்

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு நாளுக்குப் பிறகு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"நேத்துச் சந்தையில பேச்சிமுத்து பெஞ்சாதியப் பாத்தேன். காக்கா தூக்கிட்டுப் போச்சாம்."

"எத?"

"முட்டய. வெள்ளையா, செவப்பா எதுனாலும் கண்டா காக்கா விடாதாம். ஒருநாளு வந்து பாக்கும், மறுநாளு பாக்கும், பிறகு தூக்கும். அவன் அன்னைக்கே சொன்னானாம் வீட்டுல, 'டீச்சரு வட்டம் போட்டுக் காட்டிக் குடுத்துட்டாவ'ன்னு."

"அவன் வேலை போன ஆத்திரத்துல கதை கட்டுறான்."

"கட்டுதான்னே வையி" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய். சுத்தப் பொய். காட்டிக்கொடுத்தேனாம்! பொய் என்று காட்டுகிறேன்.

மார்ச் 26, புதன்

கடையில் எட்டு காடை முட்டை வாங்கினேன். அதுவும் புள்ளி போட்டதுதான், கொஞ்சம் சின்னது. ஏழு மணிக்கு நடைபாதையின் கடைசிக்குப் போனேன். அங்கே கூடு எதுவும் கிடையாது, பழைய இடத்துக்கும் அதற்கும் அரைக் கிலோமீட்டர் இருக்கும். சரளில் நாலு முட்டையைச் சும்மா வைத்தேன். முப்பது எட்டு தள்ளி வேறு நாலு முட்டையை வைத்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு, குச்சியும் ரிப்பனும் நட்டேன். குடையை விரித்துக்கொண்டு புங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். பத்து மணி வரை உட்காருவேன், ஒன்றும் நடக்காது, பேச்சிமுத்துவின் பெண்டாட்டியை நேரில் பார்த்துச் சொல்வேன் என்று இருந்தேன்.

பதினேழு நிமிஷம்.

ஒரு காகம் வந்தது. நேராக வட்டத்துக்கு. தேடவே இல்லை, நான் கூப்பிட்டதுபோல வந்தது. கோட்டை ஒட்டி ஒரு சுற்று நடந்தது. அன்றைக்கு நான் பார்த்த அதே நடை. பிறகு உள்ளே போய் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. திரும்பி வரும்போது இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாலும் போக ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

சும்மா வைத்த நாலு முட்டையும் பத்து மணிக்கு அப்படியே கிடந்தன. எங்கே வைத்தேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

ஒளித்து வைக்கத் தெரிந்த பறவை. மண்ணின் நிறத்தில் முட்டை போட்டு, கூடே கட்டாமல், ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டி, இங்கே இருக்கிறது வாருங்கள் என்று காட்டியவள் நான். பொடி மங்கியபோது புதிதாகத் தூவியவளும் நான்தான். கோடு தாண்டாத காகம் என்று மெச்சி எழுதியிருக்கிறேன். கோட்டி பிடித்தவள், கோட்டி பிடித்தவள்.

அந்த நாலு முட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கடையில் போட்டேன். தின்ன மனம் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

நடக்கவில்லை. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. ஆள் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பேச்சிமுத்து வாழைக்காய் மண்டியில் லாரிக்குத் தார் ஏற்றுகிறார். காலையில் போனேன். தோளில் தாரோடு என்னைப் பார்த்தார். இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். இத்தனைக்குப் பிறகும் துண்டை அவிழ்க்கிறார்.

"என்ன டீச்சர், இங்கன வந்திருக்கீங்க?"

வழியெல்லாம் யோசித்து வைத்த எதுவும் வரவில்லை. "காக்காதான்" என்றேன்.

"ஆமா டீச்சர்."

"உமக்கு முதல்லயே தெரியுமா?"

"ஆறு வருசமா பாக்கேன்லா. மொத வருசம் நானும் சுத்திக் கல்லு வச்சேன். அதுவும் இப்பிடித்தான் போச்சு. அதுக்குப் பொறவு நான் அந்தப் பக்கம் நின்னுகூடப் பாக்கமாட்டேன். நாம நின்னு பாத்தாலே காக்கா பாத்துரும்."

"தெரிஞ்சா ஏன்யா சொல்லல?" என்று கத்திவிட்டேன். மண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சொல்ல வந்தேன் டீச்சர். மூணு தடவ வந்தேன். நீங்க கேக்கல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாலாவது தடவ, முட்ட போன அன்னைக்கு, சொல்லவேண்டாம்னு நானே விட்டுட்டேன். அழுவுற மாரி இருந்தீங்க. உங்க வட்டத்தாலதான் போச்சுன்னு எப்படிச் சொல்ல?"

என் மனு அவர் வேலையைத் தின்னப்போகிறது என்று தெரியாமல், அந்த மனுசன் என் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டு வைப்பது?

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ரேஞ்சர் ஆபீஸ். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நவநீதன் சிரித்தார்.

"விடுங்க மேடம். அது முடிஞ்சுபோன விஷயம். எப்படியும் ஒரு தற்காலிக ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேருந்து சொல்லிட்டே இருந்தாங்க. உங்க மனு கரெக்டா வந்துச்சு."

அப்படியா சங்கதி. அன்றைக்கு நல்லதாகப் போச்சு என்றது இதற்குத்தான். என் ஒன்றரைப் பக்கத்தை வைத்து ஒரு மனுசனை வழித்துப் போட்டிருக்கிறார்கள்.

"ஒரு தாள் குடுங்க" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முட்டைகள் அழிந்தது காவலரின் தவறால் அல்ல. நான் கூட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு ரிப்பன் கட்டியதால் காகங்கள் கண்டுகொண்டன. காவலர் மூன்று முறை எச்சரிக்க வந்தும் நான் பேச விடவில்லை. முந்தைய மனுவில் உள்ளவை நேரில் பார்க்காமல் எழுதியவை. அவரை மறுபடி பணியில் சேர்க்கக் கோருகிறேன்.

நவநீதன் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "மேடம், இதை நான் வாங்கினா உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும். கூட்டைக் கலைச்சது குத்தம். நடைபாதை அனுமதி அட்டையை ரத்து பண்ணணும். தேவையா இதெல்லாம்? நாலு முட்டைக்கு?"

"ரத்து பண்ணுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்காம எழுதினது அந்த மனு. இது யோசிச்சு எழுதினது. ரெண்டு நகல் போட்டிருக்கேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மாவட்ட வன அலுவலருக்கு. வாங்கினதுக்குச் சீல் வையுங்க." மைதானத்துக் குரல்தான். வெளியே மரத்தடியில் நின்ற ஜீப் டிரைவர்கூட நிமிர்ந்து நின்றார்.

சீல் வைத்தார். அட்டையை நானே எடுத்து மேசைமேல் போட்டேன்.

மாலை வடிவு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் டீ போட்டாள், சர்க்கரை போடாமல்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைக்குக் குஞ்சு வந்திருக்க வேண்டிய நாள்.

ஏப்ரல் 9, புதன்

பேச்சிமுத்துவைத் திங்கட்கிழமையே மறுபடி சேர்த்துவிட்டார்கள் என்று வடிவு சொன்னாள். அவள் மட்டும் தினமும் நடந்துவிட்டு வருகிறாள். இன்று காலை அவளோடு கேட் வரைக்கும் போனேன்.

காக்கிச் சட்டை, கைலி. வடிவு உள்ளே போனாள். நான் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். பழக்கம். பேச்சிமுத்து கேட்டின் குறுக்கே கையை நீட்டினார்.

"டீச்சர், உங்கள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. ஜூன் வரைக்கும்."

எனக்கு முகம் சூடேறிற்று. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தால் வேலைக்கு வந்தவன், என்னையே நிறுத்துகிறான். காலைப் பின்னால் எடுத்தேன். அந்த நேரத்தில் தாசில்தார் நாயோடு வந்தார். பேச்சிமுத்து அவருக்கும் கையை நீட்டினார். "நாய் கூடாது சார்." தாசில்தார் என்னைப் பார்த்தார், நான் வெளியே நிற்பதைப் பார்த்தார், நாயோடு திரும்பிப் போனார்.

பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "திரும்ப வச்சிருக்கு டீச்சர். நாலு."

"எங்க?"

அவர் தலையைச் சொறியவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"உங்ககிட்ட மட்டுமில்ல டீச்சர். ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். வடிவு டீச்சருக்கும் தெரியாது."

என்ன திமிர்! வாய்வரைக்கும் வந்துவிட்டது, வைது தீர்க்க. பிறகு வேலி ஓரமாக ரோட்டிலேயே நடந்தேன், முழு இரண்டரைக் கிலோமீட்டர், போகவும் வரவும். உள்ளே எங்கேயோ ஆக்காட்டி கத்தியது. எந்தப் பக்கம் என்று நின்று பார்க்கத் தோன்றியது. நிற்கவில்லை. நின்றால் காகம் பார்க்கும்.

அவர் செய்ததுதான் சரி. அதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.